துருப்பிடித்த அம்பாஸடர் காரின் உடற்கட்டைச் சீர்செய்தல்

நமது கிராமங்களில் அநேக மிராசுதார்களின் வீட்டுக் கொட்டகைகளில் பழைய அம்பாஸடர் கார்கள் இன்றும் இருந்து வருகின்றன. இங்கிலாந்து தேசத்து மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை மாதிரியாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்னும் ஊரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 1950-களின் இறுதி முதல் 2014-ஆம் வருஷம் வரையில் செய்து வந்த வண்டி இது. உற்பத்தி நின்றுவிட்டபடியால் புதிதாய் ஒன்று வாங்குவதற்கில்லை. உள்ளதைக் காப்பாற்றிக்கொள்வதே வழியாகும். இஞ்சினை எத்தனை முறை வேண்டுமாயினும் பிரித்துப் புதுப்பிக்கலாம். உடற்கட்டு துருவினால் அழிந்துவிடுமாயின், நல்ல இஞ்சின் இருந்தும் பிரயோஜனமில்லை.

துரு கண்ட இடத்தைப் பட்டியால் அடைத்து, மேலே வர்ணம் பூசி, வண்டி புதிதாகிவிட்டதென்று திருப்தியடைவது வழக்கமாக இருந்து வருகிறது. இது பார்வைக்கு மட்டுமே பழுதுபார்ப்பதாகும். தகடு இழந்த பலத்தைப் பட்டி திருப்பித் தராது. பலம் போன இடத்தில் பலத்தைத் திரும்ப உண்டாக்குவதே உண்மையான பழுதுபார்த்தல். அதைச் செய்யும் முறையும், எவ்வளவு தூரம் வீட்டில் செய்யலாம் என்பதும் இவ்வியாசத்தில் கூறப்படும்.

உடற்கட்டே சட்டம்

மாட்டு வண்டிக்கு அடியில் மரச்சட்டம் இருக்கிறது. கூண்டு அதன் மேல் அமைகிறது. லாரிக்கும் பழைய ஜீப்புக்கும் அவ்விதமே அடியில் தனியான இரும்புச் சட்டம் உண்டு. மேல்தகடு இற்றுப்போனாலும் சட்டம் பாரத்தைத் தாங்கும். அம்பாஸடர் காரிலோ அவ்வாறு கழற்றி எடுக்கத்தக்க தனிச் சட்டம் கிடையாது. தரைத்தகடு, கதவுத் தூண்கள், கூரை, சக்கரங்களின் உட்புறக் கவசத் தகடுகள் முதலியவை ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, யாவும் சேர்ந்தே பாரத்தைச் சுமக்கின்றன. கூடையின் பலம் அதன் பின்னலில் இருப்பது போன்றது இது. பின்னலில் ஒரு பக்கம் அறுந்தால், கூடை முழுவதும் கோணும்.

இப்பின்னலில் முக்கியமானது, கதவுகளுக்கு அடியில் முன்சக்கரத்தின் பின்புறத்திலிருந்து பின்சக்கரத்தின் முன்புறம் வரையில் நீளவாட்டில் செல்லும் பெட்டி போன்ற பாகம். இதனை இவ்வியாசத்தில் கதவடி உத்தரம் என்று குறிப்பிடுவோம். வீட்டுக் கூரைக்கு உத்தரம் எப்படியோ, அப்படியே காரின் நடுப்பாகத்திற்கு இது. உள்தகடும் வெளித்தகடும் சேர்ந்து குழல் போலாவதனால்தான் இதற்கு வளையாத பலம் உண்டாகிறது. இரண்டில் ஒன்று இற்றுவிட்டால், மற்றொன்று வெறும் தகடே. அப்பொழுது வண்டி நடுவில் தொய்ந்து, கதவுகள் சரியாய் மூடாமற் போகும். ஜாக்கி வைத்தால் தகடு உள்ளே நுழையும். விபத்து நேரிடுமாயின் உள்ளிருப்போரைக் காக்கவேண்டிய கூடு நசுங்கும்.

துரு உண்டாகும் விதம்

இரும்பு, ஜலம், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். உப்பு சேர்ந்தால் அது பன்மடங்கு விரைவாகும். ஆதலால் நாகப்பட்டினம், தூத்துக்குடி முதலிய கடலோரப் பிரதேசங்களில் உள்ள வண்டிகள் உள்நாட்டில் உள்ளவற்றைக் காட்டிலும் சீக்கிரம் கெடுகின்றன.

விவசாயிகளின் வண்டிகளுக்கு வேறொரு கேடும் உண்டு. டிக்கியில் உர மூட்டை ஏற்றுவது பலருக்கும் வழக்கம். பொட்டாஷ் உரமாகிய மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் ஒரு குளோரைடு உப்பே. சிந்திய துகள்கள் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துத் தகட்டை அரிக்கும். அம்மோனியம் சல்பேட்டும் ஈரப்பட்டால் புளிப்புத் தன்மையடைந்து இரும்பைத் தின்னும். போர்டோக் கலவையை இரும்புப் பாத்திரத்தில் கலக்கலாகாது என்பதை விவசாயிகள் அறிவார்கள். மயில்துத்தக் கரைசலில் இரும்பு கரைந்து, செம்பு அதன்மேல் படிவதே அதற்குக் காரணம். டிக்கியில் மயில்துத்தம் சிந்தினாலும் அதே விளைவுதான்.

துரு வெளியிலிருந்து உள்ளே செல்வதாக எண்ணுவது பெரும்பாலும் தவறு. சேற்றுப் பாதையில் ஓடும்பொழுது, சக்கரம் வாரியடிக்கும் மண் மட்கார்டுகளின் உட்புறத்தில் அப்பிக்கொள்ளும். கதவடி உத்தரத்தின் அடியிலுள்ள வடிகால் துவாரங்கள் சேற்றினால் அடைபட்டதும், உள்ளே நுழைந்த ஜலம் வெளியேற வழியின்றித் தங்கிவிடும். இரண்டு தகடுகள் சேரும் பொருத்துவாயில் ஜலம் தானாகவே ஏறி நிற்கும். அங்கு உண்டாகும் துரு, தான் அழித்த இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், தகடுகளைப் பிளந்து இன்னும் ஜலத்திற்கு இடங்கொடுக்கும். வெளி வர்ணத்தில் கொப்புளம் தோன்றுவதற்குள் உட்புறம் நெடுநாள் வெந்திருக்கும். ஆகவே, கொப்புளத்தின் அளவே துருவின் அளவென்று கணக்கிடலாகாது.

சோதித்தல்

முதலில் வண்டியின் அடிப்பாகத்தை ஜலத்தினால் நன்கு கழுவி உலரவிடவேண்டும். உள்ளேயிருக்கும் ரப்பர் விரிப்பு, கம்பளம் எல்லாவற்றையும் எடுத்துவிடவேண்டும். பின்பு சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால், நல்ல தகடு மணிபோல் ஒலிக்கும். இற்ற தகடு மந்தமாய் ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் திருப்புளியின் முனையால் அழுத்திக் குத்தவேண்டும். உள்ளே நுழையுமாயின் அவ்விடம் தகடன்று. முன்னமே பட்டி பூசப்பட்டிருக்குமென்று சந்தேகம் தோன்றினால், மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். பட்டி கனமாயுள்ள இடத்தில் காந்தம் பற்றாது.

விசேஷமாய்க் கவனிக்கவேண்டிய இடங்களாவன: கதவடி உத்தரத்தின் இரு முனைகள், கதவுத் தூண்களின் அடிப்பாகம், முன்னிருக்கைக்காரர் கால் வைக்கும் தரைத்தகடு, பின்புற வில்தகடுகள் உடற்கட்டோடு பிணையும் இடங்கள், முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் ஊன்றியுள்ள குறுக்குப் பாகம், சீட் பெல்ட் பிணைக்கப்படும் இடங்கள், டிக்கியின் தரை.

வீட்டில் செய்யத்தக்கதும் தகாததும்

தரைத்தகட்டில் உள்ள துவாரங்கள், டிக்கியின் தரை, கதவடி உத்தரத்தின் வெளித்தகடு ஆகியவற்றை, தகடு பற்றவைப்பதில் பழக்கமுள்ளவர் வீட்டிலேயே செய்யலாம். முறுக்குக் கம்பி ஊன்றும் இடம், வில்தகடு பிணையும் இடம், சீட் பெல்ட் பிணையும் இடம் ஆகியவை இற்றிருக்குமாயின் வீட்டில் கை வைக்கலாகாது. முறுக்குக் கம்பியில் வண்டியின் பாரம் முழு விசையாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. அது முறையின்றி விடுபட்டால் பிராணாபாயம் நேரும். அன்றியும், இவ்விடங்களில் அளவு சிறிது பிசகினாலும் சக்கரங்கள் நேராய் ஓடமாட்டா. இரு பக்கத்து உத்தரங்களும் உள்தகடு வெளித்தகடு இரண்டுமாக அழிந்திருக்குமாயின், அவ்வண்டியும் தேர்ந்த பட்டறைக்கே உரியது.

வேலைக்குமுன் செய்யவேண்டிய ஆயத்தம்

பற்றவைக்கும் வேலையில் தீயே முதல் அபாயம். பாட்டரியின் இரு முனைகளையும் கழற்றிவிடுக. பெட்ரோல் அல்லது டீசல் தொட்டியை வண்டியிலிருந்து எடுத்து, தூரத்தில் வைக்கவேண்டும். தொட்டி காலியாயிருப்பதே போதுமென்று எண்ணலாகாது. காலித் தொட்டியிலுள்ள ஆவியே நிறைந்த தொட்டியைக் காட்டிலும் எளிதில் வெடிக்கும். எரிபொருள் குழாய், பிரேக் குழாய், மின்கம்பி ஆகியவை அருகிலிருப்பின் விலக்குக. இருக்கைகளையும் மெத்தைகளையும் கழற்றுக. அடிப்பாகத்தில் தார்ப்பூச்சு இருப்பின், வேலை நடக்குமிடத்தைச் சுற்றி அதைச் சுரண்டி எடுக்கவேண்டும். தகட்டின் மறுபுறத்தில் தீப்பற்றுவதை, பற்றவைப்பவரால் பார்க்க முடியாது. ஆகையால் அப்புறத்தில் ஒருவர், ஒரு வாளி மணலுடனும் தீயணைப்புக் கருவியுடனும் நிற்றல் அவசியம். வேலை முடிந்த பின்பும் அரைமணி நேரமாவது அங்கேயே இருந்து பார்க்கவேண்டும். வைக்கோற்போர், தீவனக் கொட்டகை இவற்றின் அருகில் இவ்வேலையைச் செய்யவே கூடாது.

பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடுமாதலால், உலர்ந்தபடியே தேய்த்துத் தூசி கிளப்பாமல், ஜலம் விட்டுத் தேய்க்கவேண்டும். நாகம் பூசிய தகட்டைப் பற்றவைத்தால் எழும் வெண்புகை காய்ச்சலை உண்டாக்கும். விளிம்பிலுள்ள பூச்சை முதலில் தேய்த்து எடுத்துவிடுக. குளோரின் சேர்ந்த சுத்திகரிப்புத் திரவங்களால் துடைத்த இடத்தில் மின்பொறி பட்டால் கொடிய விஷவாயு உண்டாகும், அவற்றை அண்டவிடலாகாது. விவசாய பம்பு செட்டுக்கென வழங்கப்பட்ட மின் இணைப்பை இவ்வேலைக்கு உபயோகித்தல் விதிக்கு விரோதம் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

தாங்கு கொடுத்தல்

கதவடி உத்தரத்தை வெட்டுவதற்குமுன் வண்டிக்குத் தாங்கு கொடுப்பதே இவ்வேலை முழுவதிலும் முக்கியமான படியாகும். வீட்டுக் கூரையில் உத்தரம் மாற்றுவோர் முட்டுக் கொடாமல் பழைய உத்தரத்தை உருவுவதில்லை. இங்கும் அதே நியாயம்தான்.

வண்டியைச் சமதளமான கெட்டித் தரையில் நிறுத்தி, பாரம் சமமாய்ப் பகிரும்படி உறுதியான இரும்புத் தாங்கிகளை வைக்கவேண்டும். ஜாக்கியை மாத்திரம் நம்பியோ, செங்கல்லை அடுக்கியோ வண்டிக்கு அடியில் ஒருவரும் புகலாகாது. செங்கல் முன்னறிவிப்பின்றி உடையும். பின்பு ஒவ்வொரு கதவைச் சுற்றியுமுள்ள இடைவெளியை நான்கு மூலைகளிலும் அளந்து ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்க. கதவைக் கழற்ற வேண்டுமாயின், அதற்குமுன் கதவு நிலையின் குறுக்களவுகளையும் எடுத்துக்கொண்டு, முன்தூணுக்கும் நடுத்தூணுக்கும் இடையே ஆங்கிள் இரும்பைக் குறுக்கே பிணைக்கவேண்டும். ஒரு சமயத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே வெட்டவேண்டும். ஒரு பக்கம் முற்றிலும் முடிந்து, அளவுகள் சரியென்று கண்ட பின்னரே மறுபக்கத்தைத் தொடலாம். வண்டி தொய்ந்த நிலையிலேயே புதுத் தகட்டைப் பற்றவைத்துவிட்டால், அக்கோணல் நிரந்தரமாகிவிடும். அதைப் பின்னர் திருத்த வழியில்லை.

வெட்டுதலும் தகடு அமைத்தலும்

இற்ற தகட்டின்மேல் புதுத் தகட்டைப் போர்த்திப் பற்றவைப்பது சில இடங்களில் காணப்படும் தவறான வழக்கம். உள்ளே அடைபட்ட துரு தன் வேலையை நிறுத்துவதில்லை; இரண்டு தகடுகளுக்கிடையே ஈரம் தங்கி, புதுத் தகட்டையும் தின்னும். துரு கண்ட பாகம் முழுவதையும் வெட்டியெடுத்து, பளபளப்பான நல்ல இரும்பு தெரியும் வரையில் செல்லவேண்டும். குறித்த கோட்டிற்கு வெளியே 25 மில்லிமீட்டராவது நல்ல தகடு இருக்கும்படி வெட்டுவது உத்தமம். மெல்லிய தட்டுப் பொருத்திய கிரைண்டரால், உள்தகட்டைத் தொடாமல் மேல்தகட்டை மட்டும் வெட்டுக. மூலைகளைக் கூராக விடாமல் வட்டமாக்கினால், பிற்காலத்தில் அங்கு விரிசல் தோன்றுவது குறையும்.

வெளித்தகட்டை எடுத்ததும் உள்தகடு கண்ணுக்குத் தெரியும். இப்பொழுதே அதனைச் சோதித்துப் பழுதிருப்பின் அதை முதலில் சீர்செய்க. உள்ளே தேங்கிய மண்ணையும் துருச் செதில்களையும் முற்றிலும் அகற்றுக.

வெட்டிய இடத்திற்கு முதலில் அட்டையில் மாதிரி செய்து பொருத்திப் பார்த்து, அதன்படி மிருதுவான எஃகுத் தகட்டை வெட்டி மடிக்கவேண்டும். தகட்டின் கனம் பழைய தகட்டின் கனமாகவே இருத்தல் வேண்டும். வர்ணமும் துருவும் இல்லாத நல்ல இடத்தில் அளந்து பார்த்துக்கொள்க. 20 கேஜ் தகடு சுமார் 0.9 மில்லிமீட்டரும், 18 கேஜ் தகடு சுமார் 1.2 மில்லிமீட்டரும் கனமுடையவை. கனத்த தகடு வைத்தால் அதிக பலமென்று நினைப்பது சரியன்று. பற்றவைக்கும்பொழுது மெல்லிய பழைய தகடு உருகி ஓடிவிடும். தகர டப்பாவை வெட்டி ஒட்டுவது அதைவிடப் பயனற்றது.

பற்றவைத்தல்

குச்சி வைத்துச் செய்யும் சாதாரண ஆர்க் வெல்டிங் கலப்பைக்கும் கதவுக் கிராதிக்கும் ஏற்றது. மெல்லிய தகட்டைத் துளைத்துவிடும். நம் பட்டறைகளில் நெடுங்காலம் காஸ் வெல்டிங்கே இவ்வேலைக்கு உபயோகமாய் வந்தது. அதில் சூடு விரிந்து பரவுவதால், கைத்தேர்ச்சி இல்லாவிடில் தகடு நெளியும். இக்காலத்தில், மெல்லிய கம்பி தானாகவே வந்து கரியமில வாயுவின் மறைவில் உருகும் சி.ஓ.டூ வெல்டிங் முறையே வீட்டு வேலைக்குச் சௌகரியமானது. 0.8 மில்லிமீட்டர் கம்பி தகட்டு வேலைக்குப் போதும். ஆடி மாதத்துக் காற்றில் வெட்டவெளியில் செய்தால் வாயு மறைவு கலைந்து, பற்றிய இடம் பொரிந்து பலமற்றுப்போகும். ஆகவே காற்றுக்கு மறைப்பு வேண்டும். ஆயினும், இவ்வாயு காற்றைவிடக் கனமாதலால், குழியிலோ அடைத்த அறையிலோ வேலை செய்யலாகாது.

முதலில் அதே கனமுள்ள உதிரித் தகடுகள் இரண்டைப் பற்றவைத்து, உளியும் சுத்தியலும் கொண்டு பிளந்து பார்க்கவேண்டும். பற்றிய இடம் வாய்விட்டுப் பிரிந்தால், சூடு போதவில்லை என்று அறியலாம். தகடே கிழிந்து, பற்றிய இடம் நிற்குமாயின் வேலை செவ்வனே அமைந்ததாகும். இச்சோதனையில் தேறாதவரை வண்டியைத் தொடலாகாது.

புதுத் தகட்டைப் பற்றுக்குறடுகளால் இறுக்கி, ஒன்றுக்கொன்று தூரமான இடங்களில் சிறு சிறு புள்ளிகளாக முதலில் நிலைநிறுத்துக. கதவை மாட்டி மூடிப் பார்த்து, குறித்துவைத்த இடைவெளி அளவுகள் மாறவில்லை என்று கண்ட பின்னரே மேலே செல்லவேண்டும். பின்பு ஒரு முனையில் ஒரு புள்ளி, மறு முனையில் ஒரு புள்ளி என்று மாற்றி மாற்றி வைத்து, ஆறவிட்டு ஆறவிட்டு இடைவெளிகளை நிரப்புக. ஒரே மூச்சில் நீளமாய் இழுத்தால் தகடு நெளிந்துவிடும்.

கம்பெனியில் மின்சாரப் புள்ளிகளால் இணைக்கப்பட்டிருந்த விளிம்புகளில், மேல்தகட்டில் சுமார் 6 மில்லிமீட்டர் துவாரமிட்டு, அத்துவாரத்தின் வழியே அடித்தகட்டோடு சேர்த்து நிரப்பவேண்டும். முன்பிருந்த புள்ளிகளுக்குக் குறையாமல் இவை இருத்தல் வேண்டும்.

பூச்சும் உட்பாதுகாப்பும்

பற்றிய இடத்தைத் தேய்க்கும்பொழுது, மேடு மறைவதே போதும். தகடு மெலியும்படி தேய்த்தால் செய்த வேலை வீணாகும். உடனே நாகச் சத்து மிகுந்த பிரைமர் பூசுக. ரெட் ஆக்ஸைடு பூசி அப்படியே விட்டுவிடுவதால் பயனில்லை. மேற்பூச்சில்லாத ரெட் ஆக்ஸைடு ஈரத்தை உள்ளே விடும். பொருத்துவாய்களில் எல்லாம் அதற்கென விற்கும் அடைப்புப் பசையைத் தடவி, அதன்மேல் வர்ணம் பூசவேண்டும். பட்டி, நல்ல தகட்டின்மேல் உள்ள சிறு மேடுபள்ளங்களைச் சமன் செய்வதற்கு மாத்திரமே உரியது. பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த துருமாற்றித் திரவமும் மேற்பரப்புத் துருவுக்கு நல்லதே. இற்ற தகட்டைக் கெட்டியாக்காது.

வெளிப்பூச்சைக் காட்டிலும் உட்பூச்சே வண்டியின் ஆயுளை நிச்சயிக்கிறது. பற்றவைக்கும் சூட்டில் உட்புற வர்ணம் எரிந்துபோயிருக்கும். ஆகையால் எல்லாம் ஆறி உலர்ந்த பின், வடிகால் துவாரங்களின் வழியே நீண்ட குழாயைச் செலுத்தி, கதவடி உத்தரத்தின் உட்புறம் முழுவதிலும் துரு தடுக்கும் மெழுகைப் பீய்ச்சவேண்டும். பின்பு துவாரங்கள் திறந்திருக்கின்றனவா என்று கம்பியால் குத்திப் பார்க்கவேண்டும். பழைய இஞ்சின் எண்ணெயைப் பூசும் வழக்கம் விடத்தக்கது. அது ரப்பரைக் கெடுப்பதோடு, சொட்டிய இடத்து மண்ணையும் கிணற்று ஜலத்தையும் கெடுக்கும். துருவின்மேல் தார் பூசுவதும் ஈரத்தை உள்ளே வைத்து மூடுவதேயாகும்.

சட்டம் சம்பந்தமான குறிப்பு

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருஷங்களுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைச் சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து வருஷங்களுக்குப் புதுப்பிக்கவேண்டும். 2021-ஆம் வருஷத்து விதிகளின்படி, 50 வருஷங்களுக்கு மேற்பட்ட கார்களைப் பழம்பெரும் வாகனங்களாகத் தனியே பதிவு செய்துகொள்ள இடமுண்டு. அதற்கு, உடற்கட்டும் இஞ்சினும் மாறுதலின்றி ஆதி அமைப்பிலேயே இருக்கவேண்டும். அவ்விதம் பதிவான வண்டியை அன்றாட உபயோகத்திற்கு ஓட்டலாகாது. ஆகவே பழுதுபார்க்கும்பொழுது புதிய அமைப்புகளைப் புகுத்தாமல், பழைய வடிவத்தையே திரும்ப உண்டாக்குவது நலம். சேஸிஸ் எண் பொறித்த தகட்டை எக்காரணம் கொண்டும் வெட்டவோ தேய்க்கவோ கூடாது. வேலைக்கு முன்னும் நடுவிலும் பின்னும் புகைப்படம் எடுத்துவைத்தால், சோதனை செய்யும் உத்தியோகஸ்தருக்கும் பின்னாளில் வாங்குவோருக்கும் உள்ளே நடந்த வேலை விளங்கும்.

வருஷாந்தரப் பராமரிப்பு

1. புரட்டாசி மாதத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, கதவுகளிலும் கதவடி உத்தரங்களிலும் உள்ள வடிகால் துவாரங்களைக் குத்தித் திறந்துவிடுக.

2. சேற்றில் ஓடியபின் மட்கார்டுகளின் உட்புறத்தைக் கழுவுக. வெளிப்புறத்தை மட்டும் கழுவித் துடைப்பதில் பயனில்லை.

3. மழையில் நனைந்தால் ரப்பர் விரிப்புகளைத் தூக்கித் தரைத்தகட்டை உலர்த்துக.

4. டிக்கியில் உரமோ மயில்துத்தமோ ஏற்ற நேர்ந்தால், கெட்டியான விரிப்பிட்டு ஏற்றி, இறக்கியபின் கழுவி உலர்த்துக.

5. வண்டியை மாட்டுத் தொழுவத்திலும் உரக் கிடங்கிலும் நிறுத்தலாகாது. தார்ப்பாய் கொண்டு இறுக மூடாமல், கூரையும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் நிறுத்துக.

6. வருஷத்திற்கு ஒரு முறை திருப்புளியும் சுத்தியலும் கொண்டு மேற்சொன்ன இடங்களைச் சோதிக்க. பழுதுபார்த்த வண்டியில், சில நாட்கள் ஓட்டியபின் கதவு இடைவெளிகளை மீண்டும் அளந்து பார்த்து, பற்றிய இடங்களில் விரிசல் உண்டா என்று காண்க.

ஒரு ரூபாய் அளவுள்ள துவாரத்தை அவ்வருஷமே வெட்டிச் சீர்செய்தால், உள்ளங்கையளவு தகட்டோடு வேலை முடிந்துவிடும். அதையே பட்டியிட்டு மறைத்துவிட்டால், சில வருஷங்களில் உத்தரம் முழுவதையும் மாற்றவேண்டி வரும். அதற்குமுன் குடும்பத்தாரை ஏற்றிச் செல்லும்பொழுது அவ்விடம் விட்டுப்போனால், நஷ்டம் பணத்தோடு நில்லாது. ஆதலால் அம்பாஸடர் கார் வைத்திருப்போர் இப்பருவமழைக்குள்ளாக விரிப்புகளைத் தூக்கி ஒரு முறையேனும் தரைத்தகட்டையும் கதவடியையும் குத்திப் பார்ப்பார்களாக. பழைய வண்டியை விலைக்கு வாங்கவிருப்போரும், வர்ணத்தின் மினுமினுப்பைக் கண்டு மயங்காமல், முதலில் கதவடியைக் குனிந்து பார்ப்பது நலம்.